மூக்குச் சிந்தும் மனிதர்

நீங்கள் மனிதகுலத்தை நேசிக்கிறீர்கள் அல்லவா? நானும்தான். சரி, எதிர் ஃப்ளாட்காரரை?

எங்கள் எதிர் ஃப்ளாட்காரர் தினம் காலை ஐந்தரைக்கு வாஷ்பேசினில் காறித் துப்புவார். மூன்று மாடிக்குக் கேட்கும். நல்ல மனுஷர். என் அம்மாவுக்கு ஒரு ராத்திரி மூச்சு முட்டியபோது, கட்டிய லுங்கியோடு காரை எடுத்து வந்தவர். ஆனாலும் ஐந்தரைக்கு அந்தச் சத்தம் கேட்டவுடன் என் நன்றியெல்லாம் எங்கோ போய்விடுகிறது.

இந்தக் குற்ற உணர்ச்சியில்தான் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலை மறுபடி எடுத்தேன். 1879-80-ல் ஒரு ரஷ்யப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. (ஆம், தொடர்கதை. 'தொடரும்' போடுவதை மட்டமாக நினைப்பவர்கள் கவனிக்கவும்.) காலேஜ் நாட்களில் அப்பாவைக் கொன்றது யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் புரட்டினேன். அப்போது தாண்டிப் போன ஒரு டாக்டர் இப்போது மாட்டிக்கொண்டார்.

சில வரிகளுக்குத்தான் வருகிறார், அதுவும் ஸோஸிமா என்ற மடத்துப் பெரியவர் சொல்லும் குட்டிக் கதையில். மனிதகுலத்துக்காக உயிரையே கொடுக்கத் தயார். ஆனால் யாரோடும் ஒரே அறையில் இரண்டு நாள் தங்க முடியாது. ஒருத்தன் சாப்பிட ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறான், இன்னொருத்தன் ஜலதோஷம் பிடித்து மூக்குச் சிந்திக்கொண்டே இருக்கிறான். தனித்தனியாக ஆட்களைப் பிடிக்காமல் போகப் போக, மொத்தமாக மனிதகுலத்தின் மேல் பாசம் ஏறிக்கொண்டே போகிறது.

பெரியவர் இதைச் சொல்வது கோக்லகோவா என்ற பணக்கார அம்மாளிடம். நர்ஸாகப் போய் நோயாளிகளின் புண்ணைக் கழுவ வேண்டும் என்று அவளுக்குக் கனவு. ஒரே கவலை, நோயாளி நன்றி சொல்லாமல் மேலிடத்தில் புகார் கொடுத்தால்? என் அன்புக்குக் கையோடு கூலி வேண்டும் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். பெரியவர் திட்டுவதில்லை. கனவில் வரும் அன்புக்கு அவசரம் ஜாஸ்தி, நாலு பேர் பார்க்கவும் வேண்டும்; நிஜத்தில் அது தினசரி உழைப்பு என்கிற மாதிரி சொல்லி அனுப்புகிறார்.

கிறிஸ்துவர்களுக்கு இடப்பட்டிருக்கும் மிகக் கஷ்டமான கட்டளை இதுதான் என்று தோன்றுகிறது. பழைய தமிழ் பைபிளில், நேசிக்க வேண்டிய ஆள் 'பிறன்'. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'அடுத்திருப்பவர்'. பிறனைச் சமாளித்துவிடலாம், அவன் எங்கேயோ இருப்பான். அடுத்திருப்பவர் ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறார்.

நாவலின் அறிவுஜீவி இவான் இந்த இடத்தில்தான் கை வைக்கிறான். தூரத்தில் இருப்பவனை நேசிக்கலாம், பக்கத்தில் இருப்பவனை முடியவே முடியாது என்கிறான். கிறிஸ்து கடவுள், அவருக்குச் சரி, நமக்கெப்படி? நாவலில் இவானுக்கு வாதத்தால் யாரும் பதில் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் நாவல் படுத்திருக்கும்.

பதில் வேறு மாதிரி வருகிறது. இவானின் தம்பி அல்யோஷா, மடத்தில் இருக்கும் இளைஞன், தெருவில் போகிறான். இல்யூஷா என்ற சின்னப் பையன் அவன்மேல் கல்லெறிகிறான், ஓடி வந்து விரலை எலும்பு தெரியக் கடிக்கிறான். அல்யோஷா ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, உனக்கு நான் என்னப்பா செய்தேன் என்று கேட்கிறான். காரணம் பிறகு தெரிகிறது. பையனின் ஏழை அப்பாவைத் தாடியைப் பிடித்து நடுத்தெருவில் இழுத்து அவமானப்படுத்தியவன் அல்யோஷாவின் அண்ணன். அல்யோஷா அந்த வீட்டைத் தேடிப் போகிறான். வேறொருத்தி கொடுத்தனுப்பிய 200 ரூபிளை நீட்டுகிறான். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆயிரம் திட்டம் போடுகிறார். திடீரென்று ரோஷம் வந்து நோட்டைக் கசக்கிக் காலில் போட்டு மிதிக்கிறார். அல்யோஷா கோபப்படவில்லை. நாம் எந்த இடத்தில் சொதப்பினோம் என்று யோசிக்கிறான், நோட்டை நீவி எடுத்து வைத்துக்கொள்கிறான். பணம் பின்னால் வேறு ஒரு நாள் போய்ச் சேருகிறது. உபதேசம் எதுவும் இல்லாத இந்தப் பகுதிக்காகவே நாவலைப் படிக்கலாம்.

இங்கேயே நிறுத்தினால் எனக்கு நிம்மதி. முடியவில்லை.

பதினொன்றாம் பாகத்தில் லீஸ் என்ற பெண் அல்யோஷாவிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். யூதர்கள் ஈஸ்டர் சமயத்தில் குழந்தைகளைத் திருடிக் கொல்கிறார்களாமே, நிஜமா? ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எத்தனையோ யூதர்களைக் கொல்லக் காரணமாக இருந்த பச்சைப் பொய் அது. எல்லோரையும் நேசிக்கும் அல்யோஷா 'இல்லை' என்று சொல்ல வேண்டும். தெரியாது என்கிறான். அவ்வளவுதான், பேச்சு மேலே போய்விடுகிறது.

இது கைதவறி விழுந்த வரி இல்லை. 1879-ல், நாவல் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, இதே குற்றச்சாட்டில் இன்றைய ஜார்ஜியாவில் இருக்கும் குட்டாயிஸி நகரில் யூதர்கள்மேல் ஒரு வழக்கு நடந்தது. கோர்ட் அவர்களை விடுதலை செய்தது. தஸ்தயேவ்ஸ்கிக்கு அது பிடிக்கவில்லை, ஒரு கடிதத்தில் அப்படி எழுதியே இருக்கிறார். அந்தப் பகுதி அச்சானது அதற்கு அடுத்த வருஷம், 1880-ல்.

இதே மனிதர் 1878 மே மாதம் மூன்று வயதுகூட முடியாத தன் பிள்ளையைப் பறிகொடுத்தார். காக்காய் வலிப்பு, அப்பாவிடமிருந்து வந்த வியாதி. பெயர் அல்யோஷா. அடுத்த மாதம் ஒரு மடத்துக்குப் போய் அங்கிருந்த பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தார். நாவலின் ஆரம்பத்தில் மூன்று வயதுப் பிள்ளையை இழந்து புலம்பும் குடியானவப் பெண் ஒருத்தி வருகிறாள். கோக்லகோவா அம்மாளுக்கு ஒரு அத்தியாயம் முன்னால். அந்தப் பக்கத்தைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. தன் பிள்ளையின் பெயரைத்தான் நாவலின் மிக நல்லவனுக்கும் வைத்தார். குழந்தைகளைப் பற்றிய ஒரு கொடூரப் பொய்க்கு முன்னால் அந்த நல்லவனைத்தான் தெரியாது என்று சொல்ல வைத்தார்.

பெரிய எழுத்தாளர், காலம் அப்படி என்று சப்பைக்கட்டுக் கட்டுபவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை, அதே காலத்தில்தான் அந்தக் கோர்ட்டும் இருந்தது. அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போடவும் மனசில்லை. ஸோஸிமாவின் டாக்டருக்கு மூக்குச் சிந்துபவன் ஆகவில்லை, தஸ்தயேவ்ஸ்கிக்கு யூதன். நாவலில் வரும் போலந்துக்காரர்களும் அவர் கையில் கோமாளிகள்தான்.

தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. குண்டு புத்தகம், அவசரம் வேண்டாம். இரவல் வாங்குவதானால் என்னிடம் கேட்காதீர்கள். என் பிரதியை எதிர் ஃப்ளாட்காரர் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.