ப்ரூஃபர்ட் விட்ட இடங்கள்

முதல் ஒரு நிமிடத்துக்குக் களத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. பறவைகள் கத்துகின்றன, எங்கோ தண்ணீர் ஓடுகிறது, அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வாத்தியக்காரர்கள் நான்கு பேரும் ஒரே மூச்சில் பாய்கிறார்கள். ஸ்டீவ் ஹவ்வின் கிடார் ஒரு பக்கம் தலைதெறிக்க ஓடுகிறது. அது எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள் கிறிஸ் ஸ்க்வயரின் பேஸ் கிடார் அடியிலிருந்து படியேறி வருகிறது. டிரம்ஸ் இரண்டுக்கும் நடுவே நின்று தனிக் கணக்கு போடுகிறது. திடீரென்று எல்லாமே அறுந்து நிற்க, குரல்கள் மட்டும் ஒரு 'ஆ' போடுகின்றன. மறு நொடியே அதே பாய்ச்சல்.

யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. முதல் தடவை கேட்பவருக்கு இது வெறும் கூச்சலாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்துப் பன்னிரண்டு தடவை கேட்ட பிறகுதான், அந்த நெரிசலில் யாரும் யாரையும் இடித்துக்கொள்ளவில்லை என்பது பிடிபட்டது.

1972 செப்டம்பரில் வெளியான ஆல்பம் இது. மொத்தமே மூன்று பாட்டு, 38 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. தலைப்புப் பாட்டு மட்டும் 18 நிமிடத்துக்கு மேல் ஓடி, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. மறுபக்கத்தில் 'ஆண்ட் யூ ஆண்ட் ஐ', 'சைபீரியன் கத்ரு' இரண்டும். லண்டனில் அட்விஷன் ஸ்டூடியோவில் ஒலிப்பொறியாளர் எடி ஆஃபர்டோடு உட்கார்ந்து பதிவுசெய்தபோது குழுவில் ஒருவருக்கும் 28 வயது நிறையவில்லை. ப்ராக்ரெசிவ் ராக்கின் உச்சம் எது என்ற பேச்சு வந்தால் இன்றைக்கும் முதல் வரிசையில் இதன் பெயர் அடிபடும். அப்படிப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் சொல்கிறார்கள்: ஹவ்வின் விரல்கள், கீபோர்டு வாசிக்கும் வேக்மனின் விரல்கள். வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தை ஜெயித்துக்கொடுத்தது ஸ்க்வயரும் டிரம்மர் பில் ப்ரூஃபர்டும் சேர்ந்து போட்ட பார்ட்னர்ஷிப். அதிலும் ப்ரூஃபர்ட் அடிக்காமல் விட்ட அடிகள்.

ராக் குழு ஒன்றில் பேஸ் கிடாருக்கு வழக்கமாக உள்ள வேலை காவல் வேலை. டிரம்ஸின் கிக் அடியோடு ஒட்டிக்கொண்டு, பின்னால் நின்று சுவரைத் தாங்க வேண்டும். ஸ்க்வயர் அந்த வேலையைச் செய்ய மறுத்தவர். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்த காது அவருடையது. அடிக் குரலும் ஒரு தனி மெட்டாகப் போகலாம் என்பது அங்கேயே பழகியிருக்க வேண்டும். ரிக்கன்பேக்கர் 4001 பேஸை விரலால் வருடாமல் பிக் வைத்துக் கொத்துவார். அதன் ஒலியை இரண்டாகப் பிரித்து, கனத்தை ஒரு ஆம்ப்ளிஃபயருக்கும் கூர்மையை இன்னொன்றுக்கும் அனுப்புவார். அதனால் அவர் வாசிப்பு தரையிலும் இருக்கும், கிடாரின் உயரத்துக்கும் வந்து நிற்கும்.

காவல்காரரே முன்வரிசைக்குப் போய்விட்டால் பின்னால் யார் நிற்பது? வேறொரு டிரம்மராக இருந்தால் பயந்துபோய்க் காலியான இடத்தையெல்லாம் அடித்து நிரப்பியிருப்பார். ஜாஸ் கேட்டு வளர்ந்த ப்ரூஃபர்ட் நிரப்பவில்லை. ஸ்நேர் டிரம்மை இறுக்கி உயரச் சுருதியில் வைத்துக்கொண்டு, விளிம்பும் தோலும் சேர்ந்து அதிர அடிக்கிறார். 'டக்' என்று வந்து சின்ன ரீங்காரத்தோடு அடங்கும் அந்த ஓசையை வைத்தே, கண்ணை மூடிக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிவிடலாம். கீழ்ச் சுருதி முழுவதும் ஸ்க்வயருக்கு. தனக்கு ஒரு சின்ன உயரமான இடம் போதும். அந்த இடத்திலிருந்து எதிர்பாராத மாத்திரையில் ஓர் அடி விழும், எதிர்பார்த்த மாத்திரையில் விழாது. கேட்பவரின் கால் தாளம் போட்டுக்கொண்டே அந்த அடிக்காகக் காத்திருக்கும். காக்க வைப்பதுதான் அவருடைய கலை.

'சைபீரியன் கத்ரு'வின் பிரதான மெட்டை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நாலு, நாலு, நாலு, மூன்று. மொத்தம் பதினைந்து. கடைசியில் ஒரு எண்ணிக்கை குறைவதால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் குதிகாலை மிதித்துக்கொண்டு வருகிறது. இப்படிப்பட்ட கணக்கைக் கையில் வைத்திருக்கும் டிரம்மர், 'பார், பதினைந்து' என்று அடித்துக் காட்டத்தான் ஆசைப்படுவார். ப்ரூஃபர்ட் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. நடனத்துக்கு வாசிப்பதுபோல வாசிக்கிறார். எண்ணினால்தான் கணக்கு தெரியும், எண்ணாவிட்டால் நடையில் ஒரு துள்ளல் மட்டும் தெரியும். கணக்கைக் காட்டாமல் துள்ளலைக் காட்டுவதற்கு எத்தனை நாள் உழைப்பு வேண்டும் என்பது தாள வாத்தியம் பழகுகிற யாருக்கும் தெரியும்.

'ஆண்ட் யூ ஆண்ட் ஐ'யில் அவர் இன்னும் சிக்கனம். ஹவ் பன்னிரண்டு தந்திக் கிடாரில் சுருதி பார்ப்பதுபோல மணியொலிகளை எழுப்பிவிட்டுப் பாட்டுக்குள் நுழைகிறார். அடியில் பேஸின் ஒற்றை ஸ்வரமும் கிக்கின் ஒற்றை அடியும் மட்டும், வயதான ஒருவர் நிதானமாக நடந்து வருவதுபோல. அந்த நிதானம் இருப்பதால்தான், பின்னால் மெல்லோட்ரானும் ஸ்டீல் கிடாரும் பொங்கி எழும்போது உடம்பு சிலிர்க்கிறது.

ரிக் வேக்மனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைப்புப் பாட்டின் நடுப்பகுதியில் ஆட்டம் அடங்கிவிடுகிறது. பாடகர் ஜான் ஆண்டர்சன் ஒரு வரியை இழுத்துப் பாட, மற்றக் குரல்கள் வேறொரு வரியை அதன் குறுக்கே நெய்கின்றன. அந்த அமைதியின் முடிவில் தேவாலய ஆர்கன் இடிபோல இறங்குகிறது. லண்டன் பார்பிகனில் உள்ள செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் வாசித்துப் பதிவுசெய்து, பிறகு டேப்பில் வெட்டி ஒட்டியது. அது ஓய்ந்த கையோடு குழு மறுபடி ஓட ஆரம்பிக்க, ஹாமண்ட் ஆர்கனில் வேக்மனின் தனி ஆவர்த்தனம். அங்கேயும் ஒரு வேடிக்கை உண்டு. வேக்மன் மேலே பறக்கும்போது கீழே ஸ்க்வயரும் ப்ரூஃபர்டும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் ஒரு தடவை கேளுங்கள். அதற்கப்புறம் வேக்மனைக் கேட்கத் திரும்ப மனம் வராது.

இவ்வளவும் ஒரே மூச்சில் வாசித்ததல்ல. சில நொடிகளுக்கான பகுதியை உருவாக்குவது, பழகுவது, பதிவுசெய்வது, நாளைக்கு அடுத்த துண்டு. எடி ஆஃபர்ட் பிளேடால் டேப்பை வெட்டி ஒட்டிக் கோத்துக் கொடுத்தார். மேடைக்குப் போவதற்கு முன் தாங்கள் செய்ததையே முழுசாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இது குறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒட்டு தெரிகிற இடங்கள் ஓரிரண்டு உண்டு, ஹெட்ஃபோனில் கேட்டால் ஒலியின் நிறம் சட்டென மாறுவது தெரியும். பாடல் வரிகள்தான் என் உண்மையான மனக்குறை. தலைப்புப் பாட்டின் வரிகள் பெரும்பாலும் ஹெர்மன் ஹெஸ்ஸேவின் 'சித்தார்த்தா' நாவலைப் படித்த பாதிப்பில் ஆண்டர்சன் எழுதியவை. நதி வருகிறது, தேடல் வருகிறது. ஆனால் சொற்களைப் பொருளுக்காக எடுப்பதைவிட ஓசைக்காக எடுப்பவர் அவர். குரலின் தெளிவு பெரும்பாலான இடங்களில் காப்பாற்றிவிடுகிறது, சில இடங்களில் காப்பாற்றவில்லை.

பதிவு முடிந்ததும் ப்ரூஃபர்ட் குழுவை விட்டு விலகி கிங் கிரிம்சன் என்ற இன்னொரு குழுவில் சேர்ந்தார். வெட்டி ஒட்டும் அந்த மாதங்கள் அவரைக் களைக்கவைத்திருந்தன. தவிர, தெரிந்த வெற்றியைத் திரும்பத் திரும்ப ஆடுவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. அமெரிக்கச் சுற்றுப்பயணம் வாசலில் நின்றது. அவர் இடத்துக்கு, ஜான் லென்னனோடு வாசித்திருந்த ஆலன் ஒயிட் வந்தார். இந்தக் கணக்குகளையெல்லாம் மனப்பாடம் செய்ய அவருக்குக் கிடைத்தது சில நாட்கள்தான். ஜூலை கடைசியில் டல்லஸில் முதல் கச்சேரி.

1973இல் வந்த 'யெஸ்ஸாங்ஸ்' நேரடிப் பதிவில் இந்த மூன்று பாட்டையும் ஒயிட்டின் கையில் கேட்கலாம். நல்ல கை. கனமான, உறுதியான, மேடைக்கேற்ற வாசிப்பு. 'சைபீரியன் கத்ரு' அங்கே ரயில் எஞ்சின் மாதிரி ஓடுகிறது. ஸ்டூடியோ பதிவை உடனே அடுத்துப் போட்டுக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒயிட் தோள் கொடுத்துக் குழுவைத் தள்ளிக்கொண்டு போகிறார். ப்ரூஃபர்ட் குழுவை ஓடவிட்டுவிட்டு, அது கால் வைக்காத இடம் பார்த்துத் தன் காலை வைக்கிறார். மேடையில் ஸ்க்வயருக்குப் பக்கபலம் கூடியிருக்கிறது, ஆனால் ஸ்டூடியோவில் கேட்ட அந்த உரையாடல் குறைந்திருக்கிறது.

ஸ்டூடியோ பதிவில் 'சைபீரியன் கத்ரு' ஒரு முடிவுக்கு வந்து நிற்பதில்லை. ஹவ் கிடாரில் தனியாகப் பாய்ந்துகொண்டிருக்கும்போதே சத்தம் மெல்லத் தேய்கிறது. அந்தக் கடைசி இருபது நொடியில் ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். கிடார் தேய்கிறது, பேஸ் தேய்கிறது. அப்போதும் அந்த ஸ்நேர் ஒவ்வொரு அடிக்கும் இடம் தேடிக்கொண்டிருக்கிறது.