ஜன்னல் கம்பியை யார் வாசிப்பது?

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதை எழுதினேன். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீடுதான் களம். ஜன்னலில் பச்சைப் பெயிண்ட் உரிந்து, அடியில் மஞ்சளும் அதற்கும் அடியில் செம்பழுப்பும் தெரிவதை வைத்து வீட்டின் வயதைச் சொல்லியிருந்தேன். நண்பர்கள் அந்த இடத்தைத்தான் பாராட்டினார்கள். போன வருடம் அக்கா பையனின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று அந்தக் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். கூசியது.

அதே வீட்டில்தான் இப்போது அக்கா குடியிருக்கிறாள். பையனுக்கு இரண்டரை வயது. ரயில் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஜன்னல் கம்பியில் வாயை வைத்துக்கொண்டு நிற்பான். அவனுடைய ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 8 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 5ஐத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துக் குறைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். "பயப்படாதீங்க. ஆனா எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க" என்றார் டாக்டர்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2009இல் வெளிவந்த ஒரு சென்னை ஆய்வில், 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளின் சராசரி 11.4. ஈயம் கூடக்கூட கவனச்சிதறலும் கூடியதாக அது சொன்னது.

எங்கே பார்ப்பது? முதலில் சட்டத்தைப் படித்தேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு. 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதி, ஒரு வருடம் கழித்து அமலுக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால் ஒரு பிரதியாக வாசித்தால், அதன் நாயகன் பெயிண்ட் டப்பா. தயாரிப்பவர் வருகிறார், இறக்குமதி செய்பவர் வருகிறார், விற்பவர் வருகிறார். ஏற்கெனவே ஜன்னலில் காய்ந்துபோன பெயிண்டும், வாடகைக்கு இருப்பவரும், கம்பியைக் கடிக்கும் பிள்ளையும் அதில் வருவதில்லை.

அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயப் பெயிண்டை 1978இல் தடை செய்தார்கள். 1992இல் இன்னொரு சட்டம் வந்தது: 1978க்கு முன் கட்டிய வீட்டை விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ, ஈயப் பெயிண்ட் பற்றித் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். அங்கே வீடு கதைக்குள் வந்துவிடுகிறது. அதிலும் ஓட்டை உண்டு. சோதித்தே பார்க்காத வீட்டுக்காரருக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

சட்டம் விட்டதை இலக்கியம் பிடித்திருக்கிறதா? என் கதையையே எடுத்துக்கொள்கிறேன். பழைய வீட்டுக் கதை எழுதுகிற பலரையும் போல நானும் சுவரிடம்தான் அதிக நேரம் நின்றிருக்கிறேன். காரை பெயர்ந்த சுவர், ஈரம் கோத்த சுவர். ஆனால் நம் பழைய வீடுகளில் சுவருக்குப் பெரும்பாலும் சுண்ணாம்புதான். எனாமல் ஏறியது கதவிலும் ஜன்னலிலும் கிரில்லிலும். அந்தப் பளீர் மஞ்சளுக்கு லெட் குரோமேட் காரணமாக இருக்கலாம். இரும்புக் கம்பி துருப்பிடிக்காமலிருக்க அடியில் ரெட் லெட் பூசியிருக்கலாம். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. எக்ஸ்.ஆர்.எஃப் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும், அல்லது ஒரு சில்லைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆய்வாளர்கள் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கிறார்கள். ஈயம் எங்கே இருக்கிறது? அது எங்கே ஆபத்தாகிறது? உரியாமல் இருக்கும் பெயிண்ட் சும்மா கிடக்கும். ஜன்னல் கதவு சட்டத்தில் உரசும் இடத்தில் அது தூளாகி, கீழ்விளிம்பில் படிந்து, பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகிறது. என் கதையின் கண் ஐந்தரை அடி உயரத்தில் இருந்தது. இரண்டரை அடிக்குக் குனியவே இல்லை.

ஜன்னல் மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. இந்த சிப்காட்டில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகளும் உண்டு. ஆலைத் தூசி வேலை உடுப்போடு வீட்டுக்கு வரும். அதனால் மாமாவின் யூனிஃபார்மை அக்கா இப்போது தனியாகத் துவைக்கிறாள். ஜன்னல் சில்லை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். 5,000 பிபிஎம்முக்கு மேல் இருந்தது.

"அதுக்கென்ன தம்பி, உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சுட்டு புதுசா அடிச்சிடலாம்" என்றார் பெயிண்டர் அண்ணன். சும்மா கிடக்கும் ஈயத்தை வீடு முழுக்கப் பரப்ப அதைவிடச் சுலபமான வழி இல்லை. ப்ளோ லேம்ப் வைத்துச் சுட்டால் புகையாகவே நெஞ்சுக்குள் போகும். அக்காவையும் பையனையும் வெளியே அனுப்பிவிட்டு, தரையில் ஷீட் விரித்து, தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அண்ணன் சொன்னார்: "இருவது வருஷமா இதைச் சும்மாவேதான் தேய்க்கிறேன்." அவரும் சட்டத்தில் இல்லை. என் கதையிலும் இல்லை.

கதையைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். பச்சை, மஞ்சள், செம்பழுப்பு எல்லாம் அப்படியே இருக்கும். கீழே பையன் நிற்பான். பக்கத்தில் அண்ணன் தேய்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்து குடிவருபவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அதான் புதுசா பெயிண்ட் அடிச்சாச்சேப்பா, எதுக்குச் சொல்லணும்?" என்றார். சட்டத்தில் இருந்து அவருக்குக் காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லை.