டிரம்ஸும் பேஸும்: எண்பதுகளில் எரியோட்டுப் பக்கம் கேட்ட ராக்

எண்பதுகளில் வாலிபமாக இருந்தவர்களுக்குப் பிடித்த ராக் பாட்டுகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள் மலர்க் குழுவினர். சென்னையில் கான்வென்ட்டில் படித்தவர் என்றால் வெளிநாட்டுக் குழுக்களின் பெயர்களை மளமளவென்று அடுக்கிவிடுவார். எங்கள் திண்டுக்கல் பக்கத்து எரியோட்டிலும் வேடசந்தூரிலும் வடமதுரையிலும் ராக் என்ற பெயரோடு எதுவும் வந்து இறங்கவில்லை. சினிமாப் பாட்டுக்குள், அதுவும் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் மியூசிக்கில் ஒளிந்துகொண்டுதான் வந்தது. டிரம்ஸும் லீட் கிடாரும் பேஸ் கிடாரும் சேர்ந்து முழங்கினால் எங்களுக்கு அது 'வெஸ்டர்ன் பாட்டு'. உறுமிக்கும் பறைக்கும் ஏற்கெனவே பழகிய காதுகள் என்பதால் டிரம்ஸ் அடியை ஏற்றுக்கொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் எந்தப் பாட்டு உசத்தி என்பதில் ஊருக்குள் கட்சிகள் இருந்தன.

மூத்த கட்சி எம்.எஸ்.வி. கட்சி. 1979-இல் வந்த கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் கமலும் ரஜினியும் சிங்கப்பூருக்குப் போய்க் கச்சேரி செய்யும் இசைக்குழுக்காரர்கள். கனவுக் காட்சி என்று சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதையிலேயே மேடை உண்டு, கிடார் உண்டு, கீழே கூட்டமும் உண்டு. அந்தப் படத்தின் 'சம்போ சிவசம்போ'வை விஸ்வநாதனே பாடினார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குரல் இனிமையாக இருக்கிறதா என்ற கவலை கொஞ்சமும் இல்லாமல் தொண்டையைத் திறந்துவிடுகிறார். ராக் பாடகனுக்கு வேண்டிய முதல் தகுதியே அதுதான் என்பது என் கட்சி. அந்தப் பாட்டை எழுதியவர் கண்ணதாசன் என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

சிலோன் கட்சி சின்னது, ஆனால் சத்தம் அதிகம். இலங்கை வானொலியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டவர்கள் இவர்கள். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப் பாட்டுகளில் பைலா தாளம் துள்ளும். 'சுராங்கனி'யைக் கேட்டுவிட்டு யாரும் ராகம் பேசியதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குப் பிறகு ஆடத் தோதான பாட்டா என்பது ஒன்றுதான் இவர்களுக்குக் கணக்கு.

இளையராஜா கட்சியைப் பற்றி எழுத இந்த மலர் முழுவதும் போதாது. பண்ணைப்புரத்துக்காரர், 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அவரும் நாங்களும் ஒரே மதுரை மாவட்டம் என்ற உரிமை வேறு எங்களுக்கு இருந்தது. அடிப்படையில் அவர் கிடார்க்காரர். தன்ராஜ் மாஸ்டரிடம் கற்று, ஜி.கே. வெங்கடேஷ் குழுவில் வாசித்துவிட்டு வந்தவர். அவருடைய நூறாவது படமான 'மூடுபனி'யில் (1980) யேசுதாஸ் பாடும் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டுக்குக் கிடார்தான் முதுகெலும்பு. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' தொடங்கும்போது வரும் கிடாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். மறு ஆண்டே அந்த மெட்டை இந்திக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் 'கலாகார்' படத்தில் வைத்தார்கள்.

திருவிழா மேடைகளில் லீட் கிடார்க்காரரைச் சோதிக்க எங்களிடம் இருந்த பரீட்சையும் அந்த 'இளைய நிலா'த் தொடக்கம்தான். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே முன்வரிசைப் பையன்கள் எல்லாரும் கிடார்க்காரர் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தட்டாமல் வாசித்துவிட்டால் விசில். ஓரிடத்தில் தடுக்கினாலும் அடுத்த வருஷம் அந்தக் குழுவுக்கு அட்வான்ஸ் போகாது. 'என்னப்பா, கிடாரு தூங்குது' என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். பாடகர் சுருதி விலகினால்கூட மன்னித்த கூட்டம் அது!

டி. ராஜேந்தர் கட்சியை ராஜா கட்சிக்காரர்கள் ஏளனம் செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஒரு தலை ராக'த்தில் (1980) தொடங்கி, பாட்டும் தானே எழுதி மெட்டும் தானே போட்டவர் அவர். சொல்லும் அடியும் ஒரே ஆளிடமிருந்து பிறப்பதால் இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காது. பாட்டு எழுதுகிறவனே பாட்டு அமைக்கிறவன் என்பது வெளிநாட்டு ராக்கில் சாதாரணம். நம் சினிமாவில் அபூர்வம். அவருடைய வயலின் கூட்டம் சில நேரம் காதை அடைக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

யார் எந்தக் கட்சி என்பதை ரசனை மட்டும் தீர்மானித்ததாக நான் நினைக்கவில்லை. கேட்ட கருவிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. கோயில் கொடையானாலும் காதுகுத்தானாலும் ரேடியோ செட்காரர் புளியமரத்தில் கட்டுவது குழாய் ஸ்பீக்கர். அது சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஊமை. பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆகவே ராஜா ராப்பகலாக யோசித்துப் போட்ட பேஸ், எரியோட்டுக் காட்டைத் தாண்டி இரண்டு மைல் கேட்கும் அந்தக் குழாயில் ஒரு சொட்டுக்கூட வராது. குரலும் சொல்லும் தபேலாவின் வலது தட்டும் கணீரென்று வரும். குழாயில் கேட்டு வளர்ந்தவர்கள் எம்.எஸ்.வி. கட்சிக்கோ டி.ஆர். கட்சிக்கோ போனதில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தவர்களும், குஜிலியம்பாறை போகும் டேப் போட்ட பஸ்ஸில் பின்சீட்டு ஸ்பீக்கருக்குக் கீழே இடம் பிடித்தவர்களும் ராஜா கட்சி. 1978-இல் 'பிரியா' படத்துக்கே ஸ்டீரியோவில் பாட்டுப் பதிவு செய்துவிட்டார்கள். இடப்பக்கம் ஒரு கருவி, வலப்பக்கம் ஒரு கருவி என்று கேட்கும் பாக்கியம் எங்களுக்கு அந்தப் பின்சீட்டில்தான் கிடைத்தது.

சொந்தமாக கேசட் பதிய வேண்டுமென்றால் திண்டுக்கல்லில் ரிக்கார்டிங் சென்டர்தான் கதி. வெள்ளைத்தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுக்க வேண்டும். 60 கேசட் என்றால் பக்கத்துக்கு அரைமணி நேரம், ஆறேழு பாட்டு. '90 வேண்டாம் தம்பி, டேப்பு மெலிசு, சிக்கிக்கும்' என்று கடைக்காரர் தடுப்பார், சரியான யோசனை. இடம் மிச்சமானால் அவரே ஒரு தீம் மியூசிக்கைப் போட்டு நிரப்புவார். இடம் போதாவிட்டால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். அப்படி அறுந்த இடத்தில்தான் இன்றைக்கும் சில பாட்டுகள் என் மனசுக்குள் முடிகின்றன.

1986-இல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' இரண்டும் வந்தபோது கம்ப்யூட்டர் மியூசிக் என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்தது. கையால் அடிக்காத டிரம்ஸ் ஒரு டிரம்ஸா என்று கேட்டவர்கள் உண்டு, நானும் கேட்டேன். மேடைக்குழுக்கள் ரிதம் பேட் வாங்கியதும் கேள்வி அடங்கிப்போனது. சந்திரபோஸ், கங்கை அமரன், சங்கர் கணேஷ் ஆகியோரிடமும் நல்ல வெஸ்டர்ன் பாட்டுகள் உண்டு என்றாலும் அவர்களுக்காகக் கட்சி கட்டிச் சண்டை போட்டவர்களை நான் பார்த்ததில்லை. 1992-இல் 'ரோஜா' வந்தபோது எங்கள் செட்டில் பாதிப்பேருக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அதன் கட்சிகள் அடுத்த செட்டுக்காரர்கள் எழுத வேண்டியவை.

ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் நான் 'அக்னி நட்சத்திர'த்தில் (1988) ராஜாவே பாடும் 'ராஜா ராஜாதி ராஜன்' பாட்டைச் சொல்வேன். அவர் குரலில் கிராமம் அப்படியே இருக்கிறது. சுற்றி ஒலிப்பது முழுக்க நகரம். இரண்டும் சமாதானம் ஆகாமலே பாட்டு ஓடுகிறது. வடமதுரையில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் கூட்டாளி இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவனுக்கு 'சகலகலா வல்லவன்' (1982) படத்தில் வாலி எழுதி எஸ்.பி.பி. பாடிய புத்தாண்டுப் பாட்டுதான் எல்லாம். வருஷம் பூராவும் நான் வாதாடுகிறேன். டிசம்பர் 31 ராத்திரி 12 மணி அடித்ததும் தெருத்தெருவாக அவன் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள்.