ஷூல்ட்ஸின் அறியாமை

‘ஹோகனின் வீரர்கள்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை வாசக அன்பர்களுள் சிலரேனும் பார்த்திருக்கக்கூடும். சி.பி.எஸ். நிறுவனம் 1965 செப்டம்பர் முதல் 1971 ஏப்ரல் வரை அதனை 168 பகுதிகளாக ஒளிபரப்பியது. காலம் இரண்டாம் உலகப் போர். இடம் ஜெர்மனியின் ஹாமல்பர்க் நகருக்கு அண்மையில் ஸ்டாலாக் 13 என்னும் போர்க்கைதி முகாம். கைதிகளின் தலைவர் அமெரிக்கக் கர்னல் ஹோகன். அவரும் தோழர்களும் முகாமின் அடியில் சுரங்கம் வெட்டி, மறைவில் வானொலிக் கருவி வைத்து, பாலங்களைத் தகர்க்கின்றனர். தப்பி வருவோரை நாடு கடந்து செல்ல வழியனுப்புகின்றனர். தம் முகாமிலிருந்து ஒருவனும் தப்பியதில்லை எனப் பெருமை பேசும் தளபதி கிளிங்கின் பதவியைக் காப்பதும் அக்கைதிகளின் பணியே. அவரிடத்தில் அறிவுள்ள ஒருவன் வந்துவிட்டால் எல்லாம் பாழாகிவிடுமன்றோ!

மனித குலத்தின் பெருந்துயரைக் கேலிப்பொருளாக்கிவிட்டது என்று இத்தொடரைக் கண்டித்தவர் பலர். அக்கண்டனம் நமக்கு முழுமையும் உடன்பாடன்று. போர்க்கைதி முகாம் வேறு, யூதரை அழிக்கவெழுந்த வதைமுகாம் வேறு. இவ்வேறுபாட்டை வலியுறுத்தியவருள் ஒருவர், பிரெஞ்சுக் கைதி லெபோவாக நடித்த ராபர்ட் கிளாரி. அவர் புக்கன்வால்ட் வதைமுகாமில் இருந்து மீண்டவர். பெற்றோரையும் உடன்பிறந்தார் பலரையும் நாஜிகளுக்குப் பறிகொடுத்தவர். கிளிங்காக நடித்த வெர்னர் கிளெம்பெரர், 1933-இல் குடும்பத்தோடு ஜெர்மனியை நீங்கிய யூத இசை மேதை ஓட்டோ கிளெம்பெரரின் மைந்தர். கிளிங்க் எப்பகுதியிலும் வெற்றி பெறலாகாது என்னும் நிபந்தனையோடுதான் அவர் அவ்வேடத்தை ஏற்றார். தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு கூறுவர். கொடுமைக்கு ஆளானவரே கொடியவனை எள்ளி நகைக்கும்போது, அதனைத் தகாதென்று தடுக்க நாம் யார்?

மெய்யான முகாம்களின் பசியும் குளிரும் இதில் இல்லை என்பது உண்மையே. 1944 மார்ச்சில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து சுரங்கவழியே தப்பிய 76 பேரில் 50 பேர் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட சோவியத் வீரர் ஏறத்தாழ 57 இலட்சம். அவருள் மாண்டோர் சுமார் 33 இலட்சம். ஹோகனின் முகாமிலோ சமையல் மணக்கிறது. ஆயினும் நகைச்சுவை நாடகம் வரலாற்று நூலன்று, இதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நம்மால் பொறுக்கவியலாதது காவலன் ஷூல்ட்ஸின் சிரிப்பு.

பருத்த உடல், குழந்தை முகம், இனிப்புப் பண்டங்களில் தீராத ஆசை. கைதிகள் சுரங்கத்தினின்று வெளிவருவதைக் கண்ணாரக் காண்பான். கண்டதும், தான் எதையும் பார்க்கவில்லை, தனக்கு எதுவும் தெரியாது என்பான். தொடரின் புகழ்பெற்ற பல்லவி அது. பார்ப்போர் அவனைப் பேதை என்று எண்ணி நகைக்கின்றனர். அவன் பேதையல்லன். அறபு அணியிலக்கணமாகிய இல்முல் பதீஃ பயின்றோர் ‘தஜாஹுலுல் ஆரிஃப்’ என்னும் அணியை அறிவர்; அறிந்தவன் அறியாதான்போல் நடித்தல் என்பது அதன் பொருள். காதலியின் முகத்தை நன்கறிந்த கவிஞன், இது முகமா முழுமதியா என்று வினவுவான். புகழவும் இகழவும் கடிந்துரைக்கவும் இவ்வணி பயன்படும் என்று நாம் மாணவர்க்குச் சொல்லிவருகிறோம். ஷூல்ட்ஸ் இதனை எடுத்தாளும் பயனோ வேறு. தன் தோலைக் காத்துக்கொள்ளுதல்.

இத்தொடரை எழுதியோர் தாம் எதன்மேல் கை வைத்தோம் என்பதை உணர்ந்தனரோ இல்லையோ! 1945 ஏப்ரல் 11-இல் புக்கன்வால்ட் விடுவிக்கப்பட்டது. அங்கிருந்து வெய்மார் நகரம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். சில நாட்களில் அமெரிக்கப் படையினர் அந்நகர மக்கள் ஏறத்தாழ ஆயிரவரை அழைத்துச்சென்று, முகாமின் பிணக்குவியலைக் காணச் செய்தனர். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதே அவருள் பலர் சொன்ன விடை. அம்முகாமில் உயிர்தப்பிய கிளாரிதான், லெபோ வேடத்தில் ஷூல்ட்ஸுக்குப் பண்டம் சமைத்து ஊட்டி, அதே விடையை வாங்கிக்கொள்கிறார். இதைவிடக் கூரிய காட்சியை எந்த நாடகாசிரியனும் புனைய முடியாது. ஆனால் தொடரோ அவ்விடையை அன்புக்குரிய குறும்பாக்கிவிடுகிறது. ஷூல்ட்ஸ் கண்ணை மூடிக்கொள்வதனால் இங்கே நல்லோர் பிழைக்கின்றனர். ஆகவே கண்மூடுதலே நற்செயல்போல் தோன்றுகிறது. வெய்மாரில் கண்மூடியதனால் பிழைத்தவர் யாவர்? ஷூல்ட்ஸாக நடித்த ஜான் பேனரும் 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபின் அமெரிக்கா புகுந்த யூதரே என்பதால் அவர் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. அவர் நடிப்பு அத்துணை இனியது. இனியதாயிருப்பதே நம்மை உறுத்துகிறது.

கிளாரி தம் வதைமுகாம் வாழ்வைப் பற்றிப் பல்லாண்டுகள் பொதுவில் பேசவில்லை. அந்நிகழ்ச்சிகளே நடக்கவில்லை என்று மறுப்போர் தலையெடுக்கக் கண்டு, 1980 முதல் பள்ளிதோறும் சென்று மாணவரிடம் தாம் கண்டதை எடுத்துரைத்தார். 2022-இல் மறைந்தார்.

தொடருக்கு முடிவு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. 1971 ஏப்ரல் 4-இல் வெளிவந்த இறுதிப்பகுதியும் மற்றவற்றைப்போல் ஒன்று. போர் முடியவில்லை, வாயில் திறக்கவில்லை. திறந்திருந்தால், உள்ளே நுழையும் அதிகாரி எவரேனும் ஷூல்ட்ஸை நிறுத்தி, இங்கே நடந்தது பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருப்பார்.