ஹியூ காம்ஸ்டாக்கின் கார்மல் குடில்கள்: ஒரு மதிப்பீடு

ஹியூ காம்ஸ்டாக் (1893–1950) அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கார்மல் என்னும் கடலோரச் சிற்றூரில் 1920களில் கட்டிய சிறு வீடுகளால் அறியப்படுபவர். இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டனில் பிறந்த இவர் கட்டடக்கலையை முறையாகப் பயின்றவர் அல்லர்.

1924இல் கார்மலுக்கு வந்தவர், துணிப் பொம்மைகள் செய்து விற்றுவந்த மயோட் பிரவுனை மணந்தார். பொம்மைகள் வீட்டை அடைத்துக்கொள்ளவே, அவற்றைக் காட்சிக்கு வைக்கத் தனியிடம் வேண்டும் என்றார் மயோட். அதற்காக எழுந்ததே 'ஹான்சல்' குடில். அடுத்துக் கட்டியது 'கிரெட்டல்'. இரண்டும் கிரிம் சகோதரர்களின் கதையில் வரும் பிள்ளைகளின் பெயர்கள். முதற்குடில் மனிதர் வாழ்வதற்கென்று கட்டப்பட்டதன்று என்பதை நினைவில் வைத்தே இவ்வீடுகளை எடைபோட வேண்டும்.

செங்குத்தான கூரை, வளைவான கதவு, சொரசொரப்பான பூச்சு, வேண்டுமென்றே கோணலாக விடப்பட்ட விளிம்புகள் ஆகியவற்றைக் கண்டு இவற்றை வெறும் திரைப்பட அரங்க அமைப்பு என ஒதுக்குவோர் உண்டு. அது முழு உண்மையன்று. புகைபோக்கிகள் அவ்வட்டாரத்துக் கார்மல் கல்லால் ஆனவை. மரவேலைகள் கையால் செதுக்கப்பட்டவை. அரங்க அமைப்புக்கு முகப்பு மட்டும் போதும். இவற்றையோ சுற்றிவந்து பார்க்கலாம்.

சுற்றிவருவதற்கு ஏற்ற ஊர் அது. பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மைல். குடியிருப்புத் தெருக்களில் நடைமேடையும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. நூறாண்டுக்கு மேலாக வீடுகளுக்குக் கதவிலக்கம் இன்றியே ஊர் இயங்கிவந்தது. கடிதங்களை மக்கள் அஞ்சலகத்துக்கு நடந்துபோய் வாங்கினர். தாழ்ந்த இறவாரமும் சிறிய சன்னலும் நடப்பவரின் கண்மட்டத்துக்குப் பொருந்துகின்றன. காரில் விரைபவர் மரங்களை மட்டுமே பார்த்துவிட்டுப் போவார். வாணிகத்தைவிடக் குடியிருப்புத் தன்மையே முதன்மை என 1929இல் நகரம் சட்டம் இயற்றியிராவிட்டால் இந்தத் தெருக்கள் இப்படி எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

குறையும் உண்டு. பொம்மைக்கு அழகான அளவு, குடும்பத்துக்கு நெருக்கடி. பிறகு வந்தவர்கள் கோணல் கூரையை மட்டும் நகலெடுத்தனர். சிறுமையில் இருந்த அடக்கத்தை விட்டுவிட்டனர். டொலோரஸ் தெருவில் 'டக் பாக்ஸ்' தேநீரகம் இயங்கிய கட்டடத்தைப் படமெடுக்கும் கூட்டத்தில், காம்ஸ்டாக் பின்னாளில் என்ன செய்தார் என்று கேட்பவர் சிலரே.

அவருடைய பெரிய பங்களிப்பு அந்தப் பின்னாள் வேலைதான் எனலாம். 'போஸ்ட்-அடோபி' முறையில் மரத்தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்கும். இடைவெளியைச் சுடாத மண்கற்கள் நிரப்பும். மண்ணோடு தார்க் குழம்பைக் கலந்ததால் கற்கள் மழையில் கரையவில்லை. சொந்தக் கையால் வீடு கட்டுவோருக்கு உதவும் வகையில் இம்முறையை 1948இல் நூலாகவும் வெளியிட்டார். அலங்காரம் இல்லாத இவ்வீடுகளைத் தேடிச் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை. ஆகவே நிலவிலை ஏறிய ஊரில் முதலில் இடிபடக்கூடியவையும் இவையே.