இரண்டு பட்ஜியா, ஒரு காக்கடீலா?

கிளி வளர்க்கும் ஆசை நம்மூரில் பச்சைக்கிளியில்தான் தொடங்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். அதனால் ஆசை கடல் தாண்டிப் போகிறது. பறவைக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிற பட்ஜி, கொண்டை வைத்த காக்கடீல், விசாரித்தால் மட்டும் கிடைக்கிற பர்க் கிளி மூன்றுமே ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவைகள். அந்த நாடு தன் பறவைகளை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. இங்கே கிடைப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. ரொசெல்லா, லோரிகீட் போன்றவற்றை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. முன்னது அடுக்குமாடி வீட்டுக்குள் அடங்காத பறவை. பின்னது தேன் குடித்துத் தண்ணீராகப் பீய்ச்சியடிப்பது. சுவர் துடைக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

வாங்கப் போகிறவர்கள் பொதுவாகக் கேட்பது நிறம், விலை, பேசுமா என்ற மூன்றும்தான். என் பார்வையில் மூன்றுமே பிசகான கேள்விகள். கேட்க வேண்டியவை வேறு. பகலில் வீட்டில் ஆள் இருப்பார்களா? யாருக்காவது வீசிங் உண்டா? இன்னும் பதினைந்து ஆண்டு கழித்து இந்தப் பறவையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பேச்சிலிருந்தே தொடங்குவோம், அதுதான் பெரிய சபலம். பேசுவதில் பட்ஜியை மிஞ்சச் சின்னப் பறவை கிடையாது. கலிபோர்னியாவில் வாழ்ந்த 'பக்' என்ற ஆண் பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரியும் என்று 1995ஆம் ஆண்டு கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. 1958இல் பிபிசி நடத்திய பேசும் பறவைகள் போட்டியில் வென்ற 'ஸ்பார்க்கி வில்லியம்ஸ்' இன்றும் இங்கிலாந்தின் நியூகாசில் அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்டு நிற்கிறது. நம் வீட்டுப் பட்ஜியும் இப்படிப் பேசாதா என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் அது ஏன் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். காட்டில் பட்ஜிகள் மழை பெய்த இடம் தேடி, புல்விதை முற்றும் இடம் தேடி, ஆயிரக்கணக்கில் கூட்டமாக அலைபவை. கூட்டத்தில் சேரும் பறவை தோழர்களின் அழைப்பொலியைக் கேட்டுத் தன் குரலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். ஆண் பறவை இணையின் குரலையே பழகிக்கொள்ளும். தனியாக வளரும் பட்ஜி நம் சொற்களைச் சொல்கிறது என்றால், நம்மையே தன் கூட்டமாக எடுத்துக்கொண்டது என்று பொருள். அந்தக் கூட்டம் காலை 9 மணிக்குப் பூட்டிக்கொண்டு போய் இரவு 7 மணிக்குத் திரும்பினால், பகல் முழுக்க அது யாரோடு பேசும்? பேச வேண்டும் என்பதற்காக ஒற்றைப் பறவை வாங்குவதை, பகலில் ஆளில்லாத வீட்டுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்து காக்கடீல். இது காக்கட்டூக் குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர். எடை சுமார் 80 முதல் 120 கிராம். பட்ஜி அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பாசம் என்று பார்த்தால் காக்கடீலுக்கு நிகர் இல்லை. தலையைக் குனிந்து நீட்டி, கழுத்தைச் சொறியச் சொல்லிக் கேட்கும். கொண்டையைப் பார்த்தே மனநிலை சொல்லிவிடலாம். நெட்டுக்கு நின்றால் பயமோ வியப்போ. தலையோடு ஒட்டப் படிந்து, கூடவே சீறினால் கையை எடுத்துவிடுவது நல்லது. ஆண் காக்கடீல் விசிலில் பாட்டுக் கற்கும், சொற்கள் குறைவு.

குறைகளும் அதே பாசத்திலிருந்து வருகின்றன. தனியே விட்டால் கூப்பிடும் குரல் கூர்மையானது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுப்பார். சிறகிலிருந்து வெள்ளைப் பொடி ஓயாமல் உதிரும். கூண்டுக்குப் பக்கத்தில் உள்ள கறுப்பு டிவியைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள், தெரியும். ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு இது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல. இரவில் நிழல் ஆடினாலும் மிரண்டு கூண்டுக்குள் முட்டி மோதும். சின்ன இரவு விளக்கு எரிய வேண்டும். நன்றாக வளர்த்தால் 15, 20 ஆண்டு இருக்கும். பத்தாவது படிக்கும் மகளின் பிடிவாதத்துக்காக வாங்கினால், அவள் வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆன பிறகு பறவை அம்மாவிடம்தான் இருக்கும். அம்மாவிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பர்க் கிளிதான் என் மனதுக்கு நெருக்கமானது. பழுப்பு முதுகு, இளஞ்சிவப்பு வயிறு, ஓரத்தில் நீலம். விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு, நடுப்பகலில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அலுவலகம் போகிறவரின் நேரத்தோடு இது ஒத்துப்போகிறது. சத்தம் மெல்லிய கீச்சு, கடி அபூர்வம், கதவு நிலையைக் கொறிக்காது. இவ்வளவு சொல்லியும் முதல் பறவையாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்பியில் ஏறி விளையாடுவதைவிட நேராகப் பறப்பதையே விரும்புகிற பறவைக்கு நீளமான கூண்டோ மொட்டைமாடியில் வலையறையோ வேண்டும். கொஞ்சவும் பெரிதாக வராது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கிளியினம் முழுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. விலக்கு நான்கு இனங்களுக்கு மட்டுமே. பட்ஜியும் காக்கடீலும் அந்த விலக்கில் வருகின்றன, பர்க் வராது. (விலக்கு பெற்ற இன்னொன்று நம் பச்சைக்கிளி! அதை உள்நாட்டுச் சட்டம் தனியே காக்கிறது.)

ஆகவே தீர்ப்பு இதுதான். பகலில் பெரியவர் யாராவது வீட்டில் இருந்து, வீசிங் தொல்லையும் இல்லையென்றால் ஒரு காக்கடீல். அந்த வீட்டில் பட்ஜியைவிட அதுவே நல்ல துணை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இரண்டு பட்ஜிகள், இரண்டும் ஆண். ஒன்றுக்கொன்று துணை இருப்பதால் நம்மோடு ஒட்டுதல் குறையும், பேச்சும் குறையும். அந்த நஷ்டத்தை நாம் ஏற்க வேண்டும், பறவை அல்ல. பட்ஜிக்கு எதிராகச் சொல்ல நியாயமான காரணமும் ஒன்று உண்டு. ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு. கட்டி வந்து இறப்பது அதிகம். நோயைக் கடைசிவரை மறைக்கும் பறவை இது. உடம்பை உப்பிக்கொண்டு அடியில் உட்கார்ந்தால் அன்றைக்கே பறவை பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று பறவை வாங்கும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தினையை மட்டும் போட்டு வளர்ப்பது நம்மூர்ப் பழக்கம். வைட்டமின் ஏ குறைவும் கல்லீரல் கொழுப்பும் அதிலிருந்தே வருகின்றன; முருங்கைக்கீரையும் கேரட் துருவலும் தினம் வேண்டும், கணவாய் ஓடும் தொங்க வேண்டும். நான்ஸ்டிக் தவா காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவையைக் கொன்றுவிடும். வெளியே விடும்போது ஃபேனை நிறுத்துங்கள்; இறக்கையை வெட்டுவது அதற்கு மாற்று அல்ல. பால்கனியில் கூண்டு வைத்தால் காக்கை சும்மா விடாது.

பட்ஜி வாங்கும்போது நெற்றியைப் பாருங்கள். கறுப்பு வரிகள் அலகு வரை இறங்கியிருந்தால் குஞ்சு, கைக்குப் பழகும் வயது. அலகுக்கு மேலே மூக்குச் சதை ஒரே சீரான ஊதா கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆண். மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பெண். கடைக்காரர் ஆணும் பெண்ணுமாக ஜோடி எடுக்கச் சொல்வார், கூடவே ஒரு மண்பானையும் தருவார். பானை கண்ட பெட்டை முட்டை மேல் முட்டையாக இட்டு, சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை அடைத்துச் சாகும். அவர் பானையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.