வெள்ளிக்கிழமையைக் கறுப்பாக்கியவர் யார்?

வெள்ளிக்கிழமை நமக்கு வாரத்தின் பெருநாள். குளித்து, தூய ஆடை உடுத்து, அத்தர் பூசி, பிள்ளைகளின் கைபற்றி ஜும்ஆவுக்கு விரையும் நாள். அந்த நாளின் பெயரோடு கறுப்பு என்னும் சொல்லை ஒட்டவைத்து ஒரு நூலும், அதன் வழியே ஒரு திரைப்படமும் வெளிவந்தபோது நம் நெஞ்சு சுருக்கென்றதில் வியப்பில்லை. எனினும், மனம் புண்படுவதற்கு முன் ஒரு வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நேர்மை. வெள்ளியைக் கறுப்பாக்கியவர் அப்பெயரைச் சூட்டியவரா? அன்றி, அந்நாளில் அச்செயலைச் செய்தவரா?

1993 மார்ச் 12 ஒரு வெள்ளிக்கிழமை. அதுவும் ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை. பகல் 1.30 மணியளவில் பம்பாய்ப் பங்குச் சந்தைக் கட்டடத்தில் முதல் குண்டு வெடித்தது. அடுத்த இரண்டு மணி நேரத்திற்குள் ஏர் இந்தியா கட்டடம், ஜவேரி பஜார், வொர்லி செஞ்சுரி பஜார், தாதரின் பிளாசா திரையரங்கு என்று நகரின் பல பகுதிகளும் குலுங்கின. 257 பேர் மாண்டனர். காயமுற்றோர் தொகை அதனினும் பன்மடங்கு. நோன்பாளிகள் தொழுகைக்கு அணிவகுத்து நின்ற வேளையில், இஸ்லாமியப் பெயர் தாங்கிய சிலர் மாநகரத்தின் தெருக்களில் மரணத்தை நிறுத்திவிட்டுச் சென்றனர். மதம் பார்த்து வெடிக்கும் குண்டு எதுவும் இவ்வுலகில் இல்லை. அங்காடிக்கு வந்தவரும், பேருந்தில் இருந்தவரும், படம் பார்க்கச் சென்றவரும் ஒருவர் போலவே சிதறினர்.

இக்கொடுமையையும் அதைத் தொடர்ந்த புலனாய்வையும் ‘பிளாக் ஃப்ரைடே’ என்னும் இந்திப் படமாக 2004ஆம் ஆண்டில் ஆக்கியவர் அனுராக் காஷ்யப். மூலநூலை எழுதியவர் பம்பாய்ப் பத்திரிகையாளர் எஸ். ஹுசைன் ஜைதி, 2002இல் அது வெளிவந்தது. வழக்கை ஆராய்ந்து எழுதிய அப்பேனா ஒரு முஸ்லிமின் பேனா என்பதை, பெயரைக் கண்டே முகஞ்சுளிப்போர் கருத்திற் கொள்வது நன்று. படத்தின் ஒளிப்பதிவாளர் நடராஜன் சுப்பிரமணியம் ஒரு தமிழர். ‘நட்டி’ என்னும் பெயரில் நடிகராகவும் நாம் அறிந்தவர்.

குண்டுவெடிப்பைப் பற்றிய படங்களுக்கென்று ஒரு வாய்பாடு நம் திரையுலகில் உண்டு. தாடியும் தொப்பியும் உடைய ஒருவன் தொழுகையை முடித்து எழுவான். அடுத்த காட்சியில் குண்டு வைப்பான். நாட்டுப்பற்று மிக்க அதிகாரி அவனைத் துரத்திக் கொல்வார். கொட்டகையில் கைதட்டல் எழும். தொழுகை விரிப்புக்கும் வெடிமருந்துக்கும் இடையில் ஒரே ஒரு வெட்டுத்தான் இருக்கும். அந்த வெட்டில் காயப்படுவது ஒரு சமுதாயம். இந்தப் படம் அந்த வாய்பாட்டை உடைத்திருக்கிறது. நாம் இதனைப் பொருட்படுத்திப் பேசுவதற்கு முதற்காரணம் அதுவே.

அதனை உடைத்திருக்கும் முறையைப் பார்ப்போம். கதை குண்டுகளோடு தொடங்கவில்லை. சம்பவத்திற்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 9ஆம் நாள், பிடிபட்ட ஒருவர் நகரில் குண்டு வெடிக்கப் போகிறது என்று காவலரிடமே கூறுகிறார். கேட்பார் இல்லை. அடுத்துப் பேரழிவு. அதன்பின் புலனாய்வு. வொர்லியில் கைவிடப்பட்ட ஒரு மாருதி வேன் கிடைக்கிறது. அதன் பதிவுச் சான்று மாஹிமில் உள்ள மேமன் குடும்பத்தின் வீட்டிற்கு வழிகாட்டுகிறது. அவ்வீட்டில் கிடைத்த சாவி, தாதரில் வெடிக்காமல் நின்ற ஸ்கூட்டர் ஒன்றுக்குப் பொருந்துகிறது. நூல் பிடித்தாற்போல வழக்கு விரிகிறது. போக்குவரத்துத் துறையின் துணை ஆணையராயிருந்த ராகேஷ் மரியாவிடம் புலனாய்வுப் பொறுப்பு வருகிறது. அவராக நடித்திருக்கும் கே கே மேனன் குரலை உயர்த்தாமலே அதிகாரத்தைக் காட்டுகிறார்.

இத்துடன் நின்றிருந்தால் இது திறமான துப்பறியும் படமாக முடிந்திருக்கும். பிற்பகுதியில் படம் காலத்தில் பின்னோக்கி நடக்கிறது. 1992 டிசம்பர் 6இல் அயோத்தியில் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டதையும், அந்த டிசம்பரிலும் அடுத்து வந்த ஜனவரியிலும் பம்பாய் எரிந்ததையும் காட்டுகிறது. விளைவை முதலில் வைத்துக் காரணத்தைப் பின்னர் வைத்த இவ்வரிசையிலேதான் படத்தின் நீதி அடங்கியிருக்கிறது. கலவரத்தை முதலில் காட்டியிருந்தால், குண்டு வைத்தவர்களுக்கு அது வக்காலத்தாக முடிந்திருக்கும். காட்டாமலே விட்டிருந்தால் பாதி உண்மை புதைந்திருக்கும். 257 உயிர்களின் கணக்கை நம் கண்முன் வைத்துவிட்டே, அதற்கு முந்திய கணக்கைப் படம் திறக்கிறது. கண்ணுக்குக் கண் என்னும் பழிவாங்கலைக் கண்டித்து, காந்தியடிகளுடையதாக வழங்கும் கூற்றொன்றைத் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டுவதன் பொருள் அப்போதுதான் விளங்குகிறது.

முந்திய கணக்கு என்றோம். அது கற்பனையன்று. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் அளித்த அறிக்கையின்படி அவ்விரு மாதக் கலவரங்களில் மாண்டவர் 900 பேர். அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். மார்ச் மாதக் குண்டுவெடிப்புகள் அயோத்தியிலும் பம்பாயிலும் நடந்தவற்றின் எதிர்விளைவே என்று அதே ஆணையம் கண்டது. காரணத்தைக் கூறுவது குற்றத்தை நியாயப்படுத்துவதாகாது. நோய்க்கு முதல் நாடாமல் மருந்து கொடுக்கும் வைத்தியன் உண்டோ?

இனி மாந்தரைப் பார்ப்போம். படத்தின் உயிர் பாதுஷா கான் என்னும் பாத்திரத்தில் இருக்கிறது. ஆதித்ய ஸ்ரீவஸ்தவா அப்பாத்திரமாகவே மாறியிருக்கிறார். சதியில் பங்குகொண்டு, வெடிப்புக்குப்பின் ஊர் ஊராக ஓடி ஒளிகிறான் அவன். கைப்பணம் கரைகிறது. வாக்களிக்கப்பட்ட பாதுகாப்பு வந்து சேரவில்லை. தலைவன் டைகர் மேமனோ, குண்டுகள் வெடிக்குமுன்னரே தன் குடும்பத்தாரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானும் துபாய்க்குப் போய்விட்டான். ‘மார்க்கத்துக்காக’ என்று ஏழை இளைஞரின் தோளில் தட்டியவன் தன் தோளில் ஒரு தூசியும் படாமல் பார்த்துக்கொண்டான். பவன் மல்ஹோத்ரா இப்பாத்திரத்தை ஆர்ப்பாட்டமின்றி நடித்திருப்பதனால், அக்கவர்ச்சியும் அவ்வஞ்சனையும் நம் நெஞ்சில் ஒருங்கே தைக்கின்றன. பாதுஷா கானின் பசித்த முகத்தில் நாம் காண்பது வீரனையுமன்று, அரக்கனையுமன்று. ஏமாற்றப்பட்டு, அதைக் காலங்கடந்து உணர்ந்த ஒருவனை. ஆயிரம் அறிவுரைகள் செய்யமாட்டாததை அந்த முகம் செய்கிறது. நம் வீட்டு இளைஞர் பார்க்க வேண்டியது இப்பகுதியே.

அரசு ஊழியரின் ஊழலையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். ராய்காட் மாவட்டக் கடற்கரையில் இறங்கிய ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து தானாக நகருக்குள் நடந்துவரவில்லை. கையூட்டுப் பெற்ற சுங்க அதிகாரிகளும் காவலர்களும் வழிவிட்டனர். பின்னர் நீதிமன்றத்தில் அவர்களுள் சிலர் தண்டனையும் பெற்றனர். அவர்கள் வெள்ளியைக் கறுப்பாக்கியது பணத்துக்காக. அங்கே மதம் எதுவும் குறுக்கிடவில்லை.

இவ்வளவு போற்றியபின் குறைகளையும் கூறாவிடில் விமர்சனம் புகழுரையாகிவிடும். குறைகள் இரண்டு, இரண்டும் சிறியனவல்ல.

முதலாவது, படம் எந்த மூலத்தில் நிற்கிறது என்பது. இக்கதையின் பெரும்பகுதி காவல்துறையின் ஆவணங்களிலிருந்தும், பிடிபட்டவர்களின் வாக்குமூலங்களிலிருந்தும் நெய்யப்பட்டது. வழக்கோ தடா சட்டத்தின்கீழ் நடந்தது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக ஏற்பதற்கு அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு வழிசெய்தது. பொதுச் சட்டம் என்றும் ஏற்காத ஒன்று அது. வாக்குமூலங்கள் எப்படிப் பெறப்பட்டன? படமே விடை சொல்கிறது. விசாரணை அறையின் அடிகளையும், குற்றஞ்சாட்டப்பட்டோரின் குடும்பத்தாரைக் காவல் நிலையத்துக்கு இழுத்துவந்து வதைப்பதையும் கண் இமைக்காமல் காட்டுகிறது. அந்தத் துணிவைப் பாராட்டுகிறோம். ஆயினும், அடித்து வாங்கிய சொல் இது என்று ஒரு காட்சியில் காட்டிவிட்டு, அடுத்த காட்சியில் அச்சொல்லையே நடந்த உண்மையாகக் காட்டுவது முரணன்றோ? தன் சாட்சியின் மீது தானே ஐயத்தை எழுப்பிய படம், அவ்வையத்தைத் தீர்க்காமலே நடந்துவிடுகிறது.

இதனாலன்றோ நீதிமன்றம் குறுக்கிட்டது! வழக்கு முடியாத நிலையில், உண்மைப் பெயர்களோடு வரும் இப்படம் தங்களுக்குப் பாதகம் என்று குற்றஞ்சாட்டப்பட்டோர் முறையிட்டனர். 2005 தொடக்கத்தில் வெளிவரவிருந்த படத்தைப் பம்பாய் உயர்நீதிமன்றம் தடுத்தது. 2007 பிப்ரவரி 9இல்தான் அது திரைக்கு வந்தது. கலைஞனின் வாயைக் கட்டிவிட்டார்கள் என்று வருந்தியோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தடா நீதிமன்றம் இறுதியில் 100 பேரைக் குற்றவாளிகள் என்றது. 23 பேரை விடுவித்தது. தீர்ப்புக்குமுன் ஊர் முழுதும் ‘இவர்களே செய்தவர்கள்’ என்று திரையில் கண்டு திரும்பியிருந்தால், அந்த 23 பேர் எந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்திருப்பர்? நல்ல படம்தான், அதனாலேயே அது காத்திருக்க வேண்டியிருந்தது. கலையின் உரிமை பெரிது. விசாரணையில் நிற்பவனின் உரிமை அதனினும் பெரிது.

இரண்டாவது குறை, அறத்தைப் பேசும் வாய் எது என்பது. மதத்தின் பெயரால் நீ கருவியாக்கப்பட்டாய் என்று பாதுஷா கானிடம் எடுத்துரைப்பவர் காவல் அதிகாரி. சொல் மெய்யானதே. ஆனால், எந்த அறைகளில் மனிதர் வதைபட்டனரோ அவற்றின் தலைவர் வாயிலிருந்தா மார்க்கத்தின் நீதி நமக்குக் கிடைக்க வேண்டும்? அன்று பம்பாயில் இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் நோன்பு நோற்றிருந்தனர். குண்டோசை கேட்டுத் துடித்த தாய் இல்லையா? ‘இது ஹராம்’ என்று உரைக்க ஓர் ஆலிம் இல்லையா? கலவரத்தில் எல்லாம் இழந்தும் பழிவாங்க எண்ணாத ஒரு வணிகர் இல்லையா? இருந்தனர், அவர்களே பெரும்பான்மையினர். படத்தில் அவர்களுக்குப் போதிய இடமில்லை. குண்டு வைப்பவராகவோ, உதைபடுபவராகவோ மட்டும் முஸ்லிமைக் கண்ட கண், இவ்விரண்டுமல்லாத முஸ்லிமைத் தவறவிட்டுவிட்டது.

படம் முடிந்தும் முடியாத கணக்கொன்று உண்டு. குண்டுவெடிப்பு வழக்கு நீதிமன்றப் படிகள் அனைத்தும் ஏறி, 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும், 2015 ஜூலை 30இல் நாகபுரிச் சிறையில் யாகூப் மேமனின் தூக்கையும் கண்டது. கலவரக் கணக்கிலோ, 900 உயிர்களுக்கு ஈடாகத் தண்டனை பெற்றோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஒரே நகரம், ஒரே குளிர்காலம், இரண்டு தராசுகள். குண்டுக்குத் தண்டனை கூடாதென்று நாம் கூறவில்லை. வாளுக்கும் தீவட்டிக்கும் அதே சட்டம் ஏன் அதே வேகத்தில் நடக்கவில்லை என்றே கேட்கிறோம். அந்த வினாவைத் திரையில் எழுப்ப இன்னொரு படம் வேண்டும்.

சிறுவரை அழைத்துச் சென்று காணத்தக்க படமன்று இது. குருதியும் வசைமொழியும் மிகுதி. ஆனால், வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்து, பார்த்தபின் பேசத்தக்க படம். அவர்கள் கேட்பார்கள்: ‘வாப்பா, இதைச் செய்தவர்கள் நம்மவர்களா?’ அவ்வினாவுக்கு இரு தவறான விடைகள் உண்டு. ‘இல்லை, எல்லாம் பொய்’ என்பது ஒன்று. ‘நமக்கு இழைத்ததற்கு இது சரி’ என்பது மற்றொன்று. முதலாவது மாண்டவர்க்கு இழைக்கும் அநீதி. இரண்டாவது மார்க்கத்துக்கே இழைக்கும் அநீதி. நியாயமின்றி ஓருயிரைக் கொல்வது மனித குலத்தையே கொல்வதற்கு ஒப்பாகும் என்றும், பிறர்மேல் கொண்ட பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்றும் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் போதிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லும் தந்தையே தன் பிள்ளைக்கு உண்மையைச் சொன்னவர்.

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருவோம். மஸ்ஜிதை இடித்தவர்கள், தெருக்களை எரித்தவர்கள், அதைக் கண்டும் காணாதிருந்தவர்கள், கையூட்டு வாங்கிக் கதவு திறந்தவர்கள், இறுதியாக, மார்க்கத்தின் பெயரைச் சொல்லி அப்பாவிகள்மேல் நெருப்பைப் பொழிந்தவர்கள்: அந்த வெள்ளியைக் கறுப்பாக்கியவர்கள் இவர்கள் அனைவரும். படத்துக்குப் பெயர் வைத்தவர்மேல் நமக்குக் கோபமில்லை. அந்த நாளை மீண்டும் வெள்ளியாக்கும் பொறுப்பு, அதில் கறை பூசாத நம்மைச் சேர்ந்தது.